மூடியிருந்த பக்கம்

"கேட்கிறதா?" என்றேன்.
"கேட்கிறது" என்றாள் கபுலா.

முவான்சா. குழந்தைகள் வார்டு. ஆறாம் கட்டில்.
ஏரியில் பட்ட வெயில் கூரையின் உட்புறத்தில்
நெளிந்துகொண்டிருந்தது.
ஷிஜாவுக்கு ஒன்பது வயது.
இரட்டையருக்கு அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு
இந்தப் பக்கம் வைக்கிற பெயர்.
முழங்காலில் தொடங்கிய காய்ச்சல்
வால்வில் வந்து முடிந்திருந்தது.

அவன் இடது மார்புக்குக் கீழே
கபுலாவின் ஸ்டெதஸ்கோப்.
நான் பேசிக்கொண்டிருந்தேன்,
சத்தம் எங்கே தொடங்கும், எந்தப் பக்கம் பரவும்,
எந்தக் கிருமி, எந்த ஊசி,
எத்தனை வருடம் போடவேண்டும்.
பதினோரு நிமிடம்.
லுஷிங்கே எழுதிக்கொண்டே இருந்தான்;
அவன் பேனாவின் வேகம் எனக்குப் பிடித்திருந்தது.
நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று
எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

என் கருவியை எங்கோ மறந்து வைத்திருந்தேன்.
அவளுடையதை வாங்கிக் காதில் மாட்டினேன்.

ஒன்றுமில்லை.

அதன் தலை திரும்பியிருந்தது.
திறந்த பக்கம் அவள் விரலுக்கு,
மூடிய பக்கம் பையனின் நெஞ்சுக்கு.
பதினோரு நிமிடமும் அவள் கேட்டது
என்னை மட்டும்தான்.

என் வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது.
என்னுடையது அல்ல, டாக்டர் ருவெகாசிராவுடையது.
நான் மூன்றாம் வருடத்தில் இருந்தபோது
இதே மாதிரி ஒரு கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று
எட்டுப் பேர் முன்னால் கேட்டார்:
"அது காதா, கண்ணாடி மாட்டுகிற ஆணியா?"
எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
அன்றிலிருந்து எனக்கு எல்லாமே கேட்டது.
கேட்காதது எல்லாம் கேட்டது.
தேர்விலும் கேட்டது, மதிப்பெண்ணும் போட்டார்கள்.
பிறகு ஒரு இரவுப் பணியில்,
தூங்கும் மீனவர் ஒருவரின் நெஞ்சில்
நிஜமாகவே கேட்டபோது
யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால், அதுவரை கேட்டது என்ன என்றும்
சொல்லவேண்டியிருக்கும்.

"எனக்கும் இரண்டு வருடம் கேட்கவில்லை" என்றேன்.

லுஷிங்கேயின் பேனா
அன்று முதல்முறையாக நின்றது.
"இதையும் எழுதிக்கொள்ளவா?"

தலையைத் திருப்பி, நகத்தால் மெல்லத் தட்டினேன்.
கபுலா திடுக்கிட்டாள்.
முதலில் தட்டிப் பார், பிறகு நெஞ்சில் வை.
ஷிஜாவின் மணிக்கட்டைப் பிடித்து
ஒவ்வொரு துடிப்புக்கும்
கட்டில் கம்பியில் விரலால் தாளம் வைத்தேன்.
அப்புறம் வாயை மூடிக்கொண்டேன்.
முதுகுத்தண்டில் ஊசி ஏற்றப் பழகிய நாளில்கூட
இவ்வளவு வியர்க்கவில்லை.
மனசுக்குள் எண்ணினேன். ஆறு. ஏழு.
ஒன்பதில் விடை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.
விழுங்கினேன்.
இருபத்திரண்டில் அவள் பேசினாள்.

"லப்பைக் காணோம்.
லப் இருக்கவேண்டிய இடத்தில்
யாரோ பெருக்குகிறார்கள்."

"எங்கே?"

"கரையில். டாகா மீன் காயப்போடுமுன்
ஈர மணலைப் பெருக்குவார்களே, அது.
அக்குள் வரைக்கும் பெருக்குகிறார்கள்."

புத்தகம் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது.
நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்,
பெயர் எங்கும் ஓடிவிடாது.

"எனக்கும் கொடு" என்றான் ஷிஜா.
கட்டிலில் கிடப்பவனை மறந்திருந்தோம், மூன்று பேருமே.
கபுலா அவன் காதில் மாட்டினாள்.
தலையைத் தட்டிப் பார்த்தாள்.
அவன் கண்ணை மூடி வெகுநேரம் கேட்டான்.
"எப்போது பெருக்கி முடிப்பார்கள்?"

என் பதினோரு நிமிடத்தில்
இதற்கு ஒரு வரி இல்லை.
லுஷிங்கே தன் நோட்டைப் புரட்டிப் பார்த்தான்,
பிறகு என்னைப் பார்த்தான்.
கபுலா பார்க்கவில்லை.
கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து,
அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து,
என்னவோ எண்ணுகிறவள் போலக் கொஞ்சம் பொறுத்து,

"உங்கள் வீட்டுக் கதவு
சரியாகச் சாத்துமா?" என்றாள்.

"சாத்தாது" என்றான் ஷிஜா.
"காற்று வரும்."